அலாரம் நின்றதா, அடித்ததா?

இங்கிலாந்தின் வடக்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து எனக்கு அது மூன்றாவது வாரம். இரவுப் பணி, மணி இரண்டரை இருக்கும். மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு கையிருப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். கூடப் பணியில் இருந்த மூத்த நர்ஸ் கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் நீட்டி, நாலாம் பகுதியில் மருந்து ஏற்றும் பம்ப்பின் அலாரம் "ஹேஸ் கான் ஆஃப்" என்று சொல்லிவிட்டு வேறொரு நோயாளியிடம் ஓடினார். நான் "தேங்க் யூ" சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

என் காதில் விழுந்தது "ஆஃப்" மட்டும். லைட் ஆஃப், ஃபேன் ஆஃப், மோட்டார் ஆஃப் என்று பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் புழங்கும் சொல். அலாரம் நின்றுவிட்டது, நல்லது என்று நினைத்துக்கொண்டேன். அலாரம் அடிக்கிறது, போய்ப் பார் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். குழாயில் காற்றுக்குமிழ் வந்து, பம்ப் மருந்தை நிறுத்திவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் கழித்து நான் வெளியே வந்தபோது அந்தப் பெரியவர் தூக்கம் கலைந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. குழாயைச் சரிசெய்து, மன்னிப்புக் கேட்டு, படுக்க வைத்தேன். விடியும்வரை அந்த இரண்டு சொல்லும் என்னை விடவில்லை. பள்ளியிலும் கல்லூரியிலுமாகப் பதினாறு வருடம் ஆங்கிலம் படித்தவள் நான். "கோ" தெரியும், "ஆஃப்" தெரியும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்தபின், மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் நர்ஸ் பிள்ளைகள். அருமனை, கருங்கல், திங்கள்நகர், தூத்தூர் என்று பல திக்கிலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய 2017-இலிருந்து ஓ.இ.டி. என்ற, மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வையும் ஏற்கிறார்கள் என்பதால், பெரும்பாலும் அதற்குத்தான் தயாராகிறார்கள். மருத்துவச் சொற்களில் இந்தப் பிள்ளைகளை யாரும் அசைக்க முடியாது. ஹைப்போகிளைசீமியா, அதாவது ரத்தத்தில் சர்க்கரை குறைவது, என்றால் கண்ணை மூடிக்கொண்டு விளக்குவார்கள். தடுமாறுவதெல்லாம் "கோ", "கம்", "கெட்", "ரன்", "பாஸ்" என்ற ஓரசைச் சொற்களில்தான். ஓ.இ.டி.யின் பேச்சுத் தேர்வில் ஐந்து நிமிடம் ஒரு நோயாளியோடு பேசுவதுபோல் நடிக்க வேண்டும். நோயாளி ஹைப்போகிளைசீமியா என்று சொல்லமாட்டார். "ஐ கேம் ஓவர் ஆல் ஷேக்கி" என்பார், திடீரென்று உடம்பெல்லாம் நடுங்கியது என்று பொருள்.

எங்கே இடறுகிறது என்று வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். தமிழில் போக்குவரத்தைச் சொல்லும் வினைகள் திசையைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. ஏறு என்றால் மேலே, இறங்கு என்றால் கீழே, நுழை என்றால் உள்ளே, கட என்றால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம். வேறு சொல் தேவையில்லை. எப்படிப் போனான் என்பதைத்தான் முன்னால் ஓர் எச்சமாக வைப்போம்: ஓடி ஏறினான், நீந்திக் கடந்தான், குனிந்து நுழைந்தான். ஆங்கிலம் இதைத் தலைகீழாக அடுக்குகிறது. ஓடினான், நீந்தினான் என்பது முதலில் வந்துவிடும். மேலேயா குறுக்கேயா என்பதை ஒரு குட்டிச் சொல் சுமக்கும்: "ரேன் அப்", "ஸ்வாம் அக்ராஸ்". லென்னர்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1985-இல் இதை விரிவாக எழுதினார். திசையை வினைக்குள் வைக்கும் மொழிகள் ஒரு கூட்டம், ஸ்பானிஷ் அதற்கு உதாரணம். வினைக்கு வெளியே வைக்கும் மொழிகள் இன்னொரு கூட்டம், ஆங்கிலமும் ஜெர்மனும் அதில் சேரும். அதைப் படித்த அன்றுதான் நான் தப்பாகக் கேட்டதன் காரணம் எனக்குப் புரிந்தது. நம் காது வினைக்காகக் காத்திருந்து பழகிய காது. வினை வந்ததும் விஷயம் முடிந்தது என்று ஓய்ந்துவிடும். ஆங்கிலத்தில் விஷயமே அதற்கப்புறம்தான் வருகிறது.

எங்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பேச்சில் "கேறு" என்று ஒரு சொல் உண்டு. மலையாளத்தோடு பங்காளிச் சொல். பஸ்ஸில் கேறு. தென்னையில் கேறு. வெயிலில் நிற்காதே, வீட்டுக்குள் கேறு. ஆட்டோவில் கேறியாச்சா? எல்லாவற்றுக்கும் இந்த ஒன்றே போதும். இதையே ஆங்கிலத்தில் சொல்ல, பஸ்ஸுக்கு "கெட் ஆன்", ஆட்டோவுக்கு "கெட் இன்", தென்னைக்கு "கிளைம்ப் அப்", வீட்டுக்கு "கோ இன்", அதையும் நான் உள்ளே இருந்துகொண்டு கூப்பிட்டால் "கம் இன்". முதல் நாள் வகுப்பில் இந்த ஐந்தையும் பலகையில் எழுதி நடுவில் "கேறு" என்று எழுதுவேன். பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். இத்தனை நாள் தங்கள் தலையில்தான் ஏதோ குறை என்று நினைத்து வந்தவர்கள் அவர்கள்.

பஸ்ஸுக்கு ஏன் "ஆன்", காருக்கு ஏன் "இன்" என்று எல்லா வருடமும் கேட்பார்கள். உள்ளே எழுந்து நின்று நடக்க முடிந்தால் "ஆன்": பஸ், ரயில், விமானம், கப்பல். கால் போட்டு மேலே உட்கார்ந்தாலும் "ஆன்": சைக்கிள், பைக், குதிரை. குனிந்து நுழைந்து நேரே இருக்கையில் போய் அமர்ந்தால் "இன்": கார், டாக்சி, ஆட்டோ. இறங்கும்போது முன்னதற்கு "கெட் ஆஃப்", பின்னதற்கு "கெட் அவுட் ஆஃப்". இவ்வளவையும் சொல்லி முடித்தேன். தூத்தூர்ப் பிள்ளை கையைத் தூக்கினாள்.

"எக்கா, அப்பம் வள்ளத்துக்கு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நீயே சொல்லு மக்களே என்றேன். அவள் அப்பா ஆழ்கடலுக்குப் போய்ச் சுறா பிடிக்கிறவர். அவள் இடது கையைக் குழித்துக் காட்டினாள். வள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் பலகை ஒசந்து இருக்கும், நாம குழிக்குள்ள இருக்கோம், அப்பம் "இன்". பிறகு கையை மட்டமாக விரித்தாள். கட்டுமரத்துக்கு உள்ள-ன்னு ஒரு இடமே இல்ல, சும்மா தடியச் சேத்துக் கட்டினது, தண்ணி மேல கேறிட்டேதான் வரும், அப்பம் "ஆன்". விசைப்படகில நடக்கலாம், அதுவும் "ஆன்". நான் பாடத்தில் படித்ததை அவள் கடற்கரையில் நின்று கண்டுபிடித்துவிட்டாள். அந்தக் கட்டுமரம்தான் ஆங்கிலத்துக்குப் போய் "கேட்டமரான்" ஆனது, இன்று அவர்கள் அந்தச் சொல்லால் குறிப்பது இரட்டை உடல் கொண்ட படகை என்று சொன்னேன். அவள் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

அன்று வீட்டுப்பாடமாகக் கன்னியாகுமரியையே கொடுத்தேன். படகுத்துறையில் படகு ஏறி, விவேகானந்தர் பாறையில் இறங்கி, கண்ணாடிப் பாலத்தில் நடந்து, வள்ளுவர் சிலைக்குப் போவதை எழுத வேண்டும். "கெட் ஆன்", "கெட் ஆஃப்", "வாக் அக்ராஸ்" மூன்றும் வந்துவிடும். 2024 டிசம்பர் 30-இல் அந்த 77 மீட்டர் பாலத்தைத் திறந்தார்கள். எனக்கு ஒரு நல்ல "அக்ராஸ்" கிடைத்தது.

"அக்ராஸ்", "ஓவர்", "த்ரூ", "அலாங்" இந்த நான்கையும் வகுப்பறையில் உட்கார்ந்து விளக்கி நான் களைத்துப் போயிருக்கிறேன். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டணங்கால் தண்ணீரை ஒரு மலையிலிருந்து எதிர்மலைக்குக் கொண்டுபோக 1966-இல் கட்டியது, உயரம் 115 அடி. மேலே ஒரு நீளத் தொட்டி, அதில் தண்ணீர், பக்கத்திலேயே ஆள் நடக்கும் பாதை, கீழே பறளியாறு. தண்ணீர் தொட்டிக்குள்ளே ஓடுகிறது, அதனால் "த்ரூ". பள்ளத்தாக்கின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகிறது, அதனால் "அக்ராஸ்". ஆற்றுக்கு மேலே போகிறது, "ஓவர்". நாங்கள் தொட்டியை ஒட்டியே நீளவாக்கில் நடக்கிறோம், "அலாங்". தண்ணீர் ஒன்றுதான், ஓட்டமும் ஒன்றுதான். தொட்டியைப் பார்த்துச் சொன்னால் ஒரு சொல், பள்ளத்தைப் பார்த்துச் சொன்னால் ஒரு சொல், ஆற்றைப் பார்த்துச் சொன்னால் இன்னொன்று. கருங்கல்காரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். "அப்பம் ஆறு பாலத்துக்கு அண்டர் போகுது, இல்லியா மேடம்?" என்று அவளே ஐந்தாவதைச் சேர்த்துக்கொண்டாள். படியிறங்கி ஆற்றுக்குப் போகும்போது "டவுன்", திரும்பி மூச்சு வாங்க ஏறும்போது "அப்". அன்றைக்குப் பிறகு அந்தக் குழுவில் யாரும் இவற்றைத் தப்பாகச் சொல்லி நான் கேட்கவில்லை.

இன்னொரு வகைத் தப்பு உண்டு. நாம் "நாகர்கோவிலுக்குச் சேர்ந்தேன்" என்று நினைப்பதால் "ரீச்டு டு நாகர்கோவில்" என்று வரும். "அறைக்குள் நுழைந்தேன்" என்பது "என்டர்டு இன்டு த ரூம்" என்று வரும். இரண்டிலும் குட்டிச் சொல் கூடாது. "ரீச்டு நாகர்கோவில்", "என்டர்டு த ரூம்", அவ்வளவுதான். "ஹோம்", "அப்ராட்" இவற்றுக்கு முன்னால் "டு" போடவே கூடாது. "என்டர்" விஷயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்கள் ஏராளமாக உள்ளே வந்தன. "என்டர்", "டிசென்ட்", "ரிட்டர்ன்", "அரைவ்" எல்லாம் அந்த வழியாக வந்தவை. லத்தீன் வம்சம். அவை நம் ஏறு, இறங்கு, நுழை போலவே திசையை வயிற்றுக்குள் வைத்திருப்பவை. அதனால்தான் "ரிட்டர்ன் பேக்" என்றால் மிகை. "கோ", "கம்", "ரன்" பழைய ஆங்கிலத்துச் சொற்கள், "கெட்" வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது. இந்தக் கூட்டம்தான் குட்டிச் சொல் இல்லாமல் நகராது.

"அரைவ்" எனக்கு மிகப் பிடித்த சொல். லத்தீனில் "ரிபா" என்றால் கரை. கரையைத் தொடுவது என்ற பொருளில் பிறந்த சொல்தான் தேய்ந்து "அரைவ்" ஆகி, இன்று விமான நிலையப் பலகையில் நிற்கிறது. கடனிலோ நோயிலோ கிடந்து தத்தளித்தவன் மீண்டுவிட்டால் நாமும் கரையேறிவிட்டான் என்கிறோம். இதைச் சொன்ன அன்று தூத்தூர்ப் பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். ஒக்கி புயல் வீசிய 2017-இல் அந்தக் கரையோர ஊர்களில் கரை சேராதவர்கள் எத்தனை பேர் என்பது இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். நான் அந்த வகுப்பை அத்தோடு முடித்தேன்.

வார்டில் கேட்கும் பேச்சுக்கு வருகிறேன். மயக்க மருந்து தெளிந்து நோயாளிக்கு நினைவு திரும்புவதை "ஹி இஸ் கமிங் ரவுண்ட்" என்பார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார் என்றே கேட்டுப் பழகிய நம் பிள்ளைகள் ஃபைலை எடுத்துக்கொண்டு நிற்பார்கள். "பிரிங் அப்" என்றால் பிள்ளை வளர்ப்பது என்று படித்திருப்போம். இருமும்போது சளியோ ரத்தமோ வருகிறதா என்று கேட்கவும் அதுதான். வீக்கம் வடிந்தால் "கான் டவுன்". வலி எப்போது தொடங்கியது என்று கேட்க "வென் டிட் இட் கம் ஆன்". நெஞ்சு வலி முதுகுவரை ஊடுருவுகிறது என்பதற்கு "கோஸ் த்ரூ டு மை பேக்". இதை அலட்சியமாகக் கேட்டுவிடக் கூடாது. மருத்துவர் உடனே அறிய வேண்டிய செய்தி அந்தத் "த்ரூ"வில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் அவசரமாகத் திருத்த வேண்டியது "பாஸ் அவுட்". நம்மூரில் கல்லூரி முடித்ததற்குப் "பாஸ்டு அவுட்" என்போம், பயோடேட்டாவிலேயே அப்படித்தான் எழுதுவோம். பிரிட்டிஷ்காரர் காதில் அது மயங்கி விழுந்ததாகத்தான் விழும். 2019-இல் மயங்கி விழுந்தேன் என்று நேர்காணலில் சொல்ல வேண்டாம், "கிராஜுவேட்டட்" என்று சொல்லு மக்களே என்று ஒவ்வொரு குழுவிடமும் முதல் வாரமே சொல்லிவிடுவேன். மரியாதையாகப் பேசத் தெரிந்த, வேலை தெரிந்த பிள்ளைகள் இந்த ஒரு குட்டிச் சொல்லால் நேர்காணலில் தடுமாறக் கூடாது.

அப்படியானால் "ஆஃப்" என்னதான் செய்கிறது? அதன் அடிப்படைப் பொருள் விலகல். "ஆஃப்" என்பதும், நம் "இன்" உருபு போல உடைமையைக் காட்டும் "ஆவ்" என்பதும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்து பின்னால் பிரிந்தவை. விளக்கு அணைந்தால் மின்சாரத்திலிருந்து விலகல், "வென்ட் ஆஃப்". துப்பாக்கி வெடித்தால் இழுத்துப் பிடித்திருந்த விசை பிடியிலிருந்து விலகல், அதுவும் "வென்ட் ஆஃப்". அலாரத்தைத் துப்பாக்கியோடு சேர்க்க வேண்டும், விளக்கோடு சேர்க்கக் கூடாது. பால் கெட்டுப்போனால் நல்ல நிலையிலிருந்து விலகல். சாப்பாட்டில் விருப்பம் போய்விட்டால் "கான் ஆஃப் ஹர் ஃபுட்". இப்படி ஒரே கயிற்றில் கோத்துக் கொடுத்தால் பிள்ளைகள் மறப்பதில்லை. தனித்தனியாக நூறு தொடரை மனப்பாடம் செய்யச் சொல்லும் புத்தகங்களை நான் வகுப்புக்குள் அனுமதிப்பதில்லை.

இது நமக்கு அந்நியமும் இல்லை. கையுறை தீர்ந்துபோச்சு, பெயர் மறந்துபோச்சு, குளம் வற்றிப்போச்சு என்கிறோம். இந்தப் "போ" எங்கே போகிறது? எங்கும் போகவில்லை. காரியம் முடிந்தது, இனித் திரும்பாது என்ற கனத்தை மட்டும் சேர்க்கிறது. "ரன் அவுட்", "ட்ரை அப்" என்பதில் "அவுட்"டும் "அப்"பும் செய்வது ஏறக்குறைய அதே வேலை. நாம் வினைக்குத் துணையாக இன்னொரு வினையை வைக்கிறோம், அவர்கள் குட்டிச் சொல்லை வைக்கிறார்கள்.

காதுக்கு ஒரு பயிற்சியும் உண்டு. "ரேன் அப் எ ஹில்" என்றால் குன்றின் மேல் ஓடினான், "ரேன் அப் எ பில்" என்றால் கடன் ஏற்றிவைத்தான். குன்றைச் சுட்டும்போது "ரேன் அப் இட்", பில்லைச் சுட்டும்போது "ரேன் இட் அப்". இரண்டாவதில் குரல் "அப்"பில் அழுந்தும். அந்த இரவு மூத்த நர்ஸ் சொன்னதிலும் "ஆஃப்" அழுத்தமாகத்தான் வந்தது. அந்தச் சொல்லை நான் கேட்டேன், அது "கான்" என்பதோடு ஒட்டிப் பிறந்தது என்பதைக் கேட்கவில்லை.

"கோ"வும் "கம்"மும் மட்டும் நமக்குப் பிறவிச் சொத்து. கதவைத் தட்டும் சத்தம் கேட்டால் ஆங்கிலத்தில் "ஐ ஆம் கமிங்" என்பார்கள், நாமும் இந்தா வாறேன் என்போம். கேட்பவரை நோக்கிப் போவதற்கும் வா என்பதே வரும். இதைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே சொல்லிவிட்டது: வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு. அந்த நூல் யார் முன்னிலையில் அரங்கேறியது என்று பாயிரம் சொல்கிறதோ, அந்த அதங்கோட்டாசானை எங்கள் விளவங்கோட்டு அதங்கோட்டுக்காரர் என்றே நாங்கள் சொல்லிக்கொள்வோம். என் வகுப்பில் அதங்கோட்டிலிருந்தும் ஒரு பிள்ளை வந்தாள். அன்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்தச் சொத்து உதவாது. வீட்டைவிட்டு எறங்கும்போது நாம் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை, போயிட்டு வாறேன் என்போம். அதை அப்படியே "ஐ வில் கோ அண்ட் கம்" என்று சொன்னால் நாம் இப்போதே திரும்பி வருவோம் என்று நோயாளி காத்திருப்பார். "ஐ ஆம் ஆஃப் நவ், சீ யூ டுமாரோ" என்று சொல்லிப் பழகுங்கள் என்று கொடுத்திருக்கிறேன்.

தூத்தூர்ப் பிள்ளை இப்போது இங்கிலாந்தில் இருக்கிறாள். போன வாரம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். எண்பது வயதுப் பாட்டி ஒருவர், அறுவைக்குப் பிறகு "ஐ ஹேவ் கான் ரைட் ஆஃப் டீ" என்றாராம். இவள் உடனே புரிந்துகொண்டு, சாயா வேண்டாம் என்றால் சூப் தரட்டுமா என்று கேட்டு, பசி குறைவு என்று குறிப்பேட்டிலும் எழுதினாளாம். அந்த "ரைட்" எதற்கு என்று கேட்டாள். ஆஃபுக்கு அழுத்தம் கொடுக்க, "முழுசா" என்பதுபோல என்றேன்.

"எக்கா, நீங்க சொல்லித் தந்த 'ஐ ஆம் ஆஃப்' எனக்கு வாயில வரல்ல. அந்தப் பாட்டியப் பாத்து அப்படிச் சொல்ல மனசு கேக்கல்ல. நான் 'ஐ வில் பி பேக் டுமாரோ'ன்னு சொல்லிட்டுதான் எறங்கினேன். தப்பா?"

தப்பே இல்லை என்றேன். பின்னால் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"எக்கா, பஸ் வந்தாச்சு, கேறட்டா? வாறேன்."